பித்தநீரும் பெருங்குடலும்

சென்ற இதழில் குழந்தைகளின் மலச்சிக்கலைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுச் சகோதரிகள் பலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதில் மூன்று பேர், சொல்லி வைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "உடம்பில் பித்தம் ஜாஸ்தியானால் பெருங்குடலில் புற்றுநோய் வருமாமே, நிஜமா? பித்தத்தைக் குறைக்க என்ன சாப்பிடணும்?"

நல்ல கேள்விதான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. 'ஆமாம்' என்றால் வீணாகப் பயந்து போவீர்கள். 'இல்லை' என்றால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு முக்கியமான விஷயத்தை மறைத்ததாகிவிடும். நான் டாக்டருக்குப் படித்தவளில்லை. பள்ளி இறுதி வகுப்போடு சரி. ஆனால் எங்கள் குடும்ப டாக்டரம்மாவைத் துளைத்து எடுத்தும், கிடைத்ததையெல்லாம் படித்தும் தெரிந்துகொண்டதை, நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் எண்ணெய்க் கரண்டிக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

எந்தப் பித்தம்?

காலையில் எழுந்ததும் வாய் கசந்தால் 'பித்தம்' என்கிறோம். தலை சுற்றினால் பித்தம். குதிகால் வெடித்தால் பித்த வெடிப்பு. இளநரை வந்தால் அதுவும் பித்தம்! இதெல்லாம் வாதம், பித்தம், கபம் என்று நாட்டு வைத்தியத்தில் சொல்லும் கணக்கு. நான் இன்று சொல்லப்போவது அதுவல்ல. கல்லீரலில் சுரக்கிற, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுள்ள, கசப்பான பித்தநீரைப் பற்றி. கோழி, மீன் சுத்தம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பித்தப்பை உடைந்துவிட்டால் கறியே கசந்து போகுமே, அந்த நீர்தான்.

மனிதர்களுக்குக் கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கு பித்தப்பை என்ற சிறு பையில் சேர்ந்து, கெட்டியாகித் தயாராக இருக்கும். நாம் கொழுப்புள்ள சாப்பாட்டைச் சாப்பிட்டதும் அந்தப் பை சுருங்கிச் சிறுகுடலுக்குள் பித்தநீரைப் பீச்சும்.

எதற்காக? எண்ணெய்ப் பிசுக்கான வாணலியை வெறும் தண்ணீரில் கழுவினால் போகுமா? சீயக்காயோ சோப்போ போட்டால்தானே பிசுக்கு பொடிப்பொடியாகப் பிரிந்து தண்ணீரோடு போகிறது? பித்தநீர் நம் வயிற்றுக்குள் இருக்கும் சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடும் எண்ணெய், நெய், கொழுப்பை அதுதான் நுண்ணிய துளிகளாக உடைத்து, ஜீரணமாக வைக்கிறது. அந்தச் சோப்பு வேலையைச் செய்கிற சரக்குக்குத்தான் 'பித்த அமிலங்கள்' என்று பெயர். கொலஸ்ட்ரால், கொலஸ்ட்ரால் என்று பயப்படுகிறோமே, அந்தக் கொலஸ்ட்ராலிலிருந்துதான் கல்லீரல் இவற்றைத் தயாரிக்கிறது.

ஆகவே பித்தநீர் நமக்கு எதிரி இல்லை. அது இல்லாவிட்டால் கொழுப்பு செரிக்காது. ஏ, டி, ஈ, கே என்ற வைட்டமின்களும் உடம்பில் சேராது. 'பித்தத்தை அடியோடு குறைக்க என்ன வழி' என்று தேடவே வேண்டாம்.

காலி கேன் கணக்கு

அப்படியானால் தொந்தரவு எங்கே ஆரம்பிக்கிறது?

வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த கேனை வைத்துவிட்டுக் காலி கேனை எடுத்துப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் புதுக் கேன் வாங்கினால் கட்டுப்படி ஆகுமா? கல்லீரலும் அப்படியே சிக்கனக்காரி. சிறுகுடலில் வேலை முடிந்த பித்த அமிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி, இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரே சரக்கு ஒரு நாளைக்குப் பல தடவை இப்படிச் சுற்றி வருகிறது.

மீதி ஐந்து பங்குதான் கைநழுவிப் பெருங்குடலுக்குள் போகிறது. இந்த ஐந்து பங்கைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளம். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் நமக்கு உதவி செய்கிறவைதான். ஆனால் க்ளாஸ்ட்ரிடியம் இனத்தைச் சேர்ந்த சில நுண்ணுயிர்கள், நழுவி வந்த பித்த அமிலங்களைப் பிடித்து வேறு உருவமாக மாற்றிவிடுகின்றன. கல்லீரல் செய்து அனுப்பியது முதல்நிலைப் பித்த அமிலம். நுண்ணுயிர்கள் மாற்றியது இரண்டாம்நிலைப் பித்த அமிலம். இரண்டாவதில் முக்கியமானவை இரண்டு: டிஆக்சிகோலிக் அமிலம், லித்தோகோலிக் அமிலம். பெயர் வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். 'மாறிப்போன பித்தம்' என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

இந்த மாறிப்போன பித்தம் காரம் கூடிய சோப்பு மாதிரி. பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் விரல் இடுக்குகளைப் பார்த்திருக்கிறீர்களா? சோப்பு பிசுக்கை மட்டும் எடுக்காது, நாள் முழுக்கப் பட்டுக்கொண்டே இருந்தால் தோலையும் அரிக்கும். அதேபோல இந்த அமிலங்கள் அளவுக்கு மேல் சேர்ந்து, வருஷக் கணக்கில் பெருங்குடலின் உள்சுவரில் பட்டுக்கொண்டிருந்தால், அங்குள்ள செல்கள் புண்படுகின்றன. செல்லுக்குள் இருக்கும் மரபுச் சரக்கான டி.என்.ஏ.யிலும் பழுது ஏற்படுகிறது. புண்பட்ட இடத்தை நிரப்பப் புதுச் செல்கள் வேக வேகமாகப் பெருகுகின்றன. அவசரத்தில் தைத்த ரவிக்கையில் தையல் கோணுவது போல, அவசரமாகப் பெருகும்போது தப்பும் அதிகமாகிறது. பழுதான செல் தானே மடிந்து போவதுதான் இயற்கையின் ஏற்பாடு. சில செல்கள் மடியாமல் பிழைத்துக்கொண்டு பெருக ஆரம்பிக்கின்றன. அப்படித்தான் குடல் சுவரில் 'பாலிப்' என்ற சிறு சதை வளர்ச்சி தோன்ற இடம் கிடைக்கிறது. எல்லாப் பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. சில மட்டும், பெரும்பாலும் பத்து வருஷம் போல மெதுவாக வளர்ந்து, புற்றுநோயாக மாறுகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பித்த அமிலம் மட்டுமே தனியாக நின்று புற்றுநோயை உண்டாக்கிவிடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. வயது, பரம்பரை, உடல் பருமன், புகை, மது, உட்கார்ந்தே இருப்பது என்று காரணங்கள் பல. எரிகிற அடுப்பில் மேலும் விறகைத் தள்ளுகிற வேலையைத்தான் இந்த அமிலங்கள் செய்கின்றன.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இது நேற்று முளைத்த பேச்சு இல்லை. 1940-லேயே இங்கிலாந்தில் டிஆக்சிகோலிக் அமிலத்தைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது கட்டிகள் உண்டானதை விஞ்ஞானிகள் கண்டார்கள். பிறகு உகாண்டாவில் பல வருஷம் அறுவைச் சிகிச்சை செய்துவந்த டெனிஸ் பர்கிட் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். இங்கிலாந்தில் சர்வசாதாரணமாக வரும் பெருங்குடல் புற்றுநோய், அந்த ஆப்பிரிக்கக் கிராமத்து ஜனங்களுக்கு அபூர்வமாகவே வந்தது. அவர்கள் சாப்பாட்டில் நார்ச்சத்து நிறைய இருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1971-ல் எழுதினார். அதே வருஷம் மைக்கேல் ஹில் என்ற இங்கிலாந்து விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல நாட்டு மக்களின் மலத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் இந்தியாவும் அதில் ஒன்று. புற்றுநோய் அதிகமுள்ள நாடுகளில் மாறிப்போன பித்தமும் அதிகமாக இருந்தது.

2019-ல் அமெரிக்காவின் ஸால்க் ஆராய்ச்சி நிலையத்தார் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். குடல் செல்களில் பித்த அமிலத்தின் அளவைக் கவனித்து நடக்கும் ஒரு காவலாளி உண்டு. சில பித்த அமிலங்கள் அளவு மீறும்போது அந்தக் காவலாளியையே செயலிழக்கச் செய்துவிடுகின்றன. உடனே குடலின் மூலச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன. இதை அவர்கள் எலிகளில் கண்டார்கள்.

"எலிக்கு வந்தால் நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது.

சாப்பாட்டை மாற்றிக்கொண்ட நாற்பது பேர்

2015-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இந்தப் பகுதிக்கு எழுதுவதற்காக எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு தூரம் என்னை யோசிக்க வைத்தது வேறில்லை. ஸ்டீபன் ஓ'கீஃப் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் நடத்தியது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பினத்தவர் இருபது பேர். தென்னாப்பிரிக்காவில் குவாஸூலு பகுதிக் கிராமத்துக் கறுப்பினத்தவர் இருபது பேர். எல்லோரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இரு சாராருக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காதான். ஆனால் பெருங்குடல் புற்றுநோய் அமெரிக்கக் கறுப்பினத்தவரில் லட்சத்துக்கு 65 பேருக்கு வருகிறது. அந்தக் கிராமத்தாரில் லட்சத்துக்கு 5 பேருக்கும் குறைவு. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

முதலில் எல்லோருக்கும் குடலைக் குழாய் வழியாகப் பரிசோதித்தார்கள். அமெரிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாலிப் இருந்தது. கிராமத்தாரில் ஒருவருக்குக்கூட இல்லை.

அதன் பிறகுதான் வேடிக்கை. இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிவிட்டார்கள். பர்கர், வறுவல், இறைச்சி என்று சாப்பிட்டுப் பழகிய அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளக் கஞ்சி, பயறு, காய்கறி, பழம். கூழும் பயறும் சாப்பிட்டு வந்த கிராமத்தாருக்கு அமெரிக்கச் சாப்பாடு. எல்லாம் ஆராய்ச்சியாளர்கள் முன்னிலையில் சமைத்துக் கொடுத்தது. அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. கிராமத்தாருக்கு நார்ச்சத்து 66 கிராமிலிருந்து 12 கிராமாகச் சரிந்தது. கொழுப்பு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது.

பதினாலே நாள்! அமெரிக்கர்களின் பெருங்குடலில் மாறிப்போன பித்தம் நூற்றுக்கு எழுபது பங்கு குறைந்துவிட்டது. கிராமத்தாருக்கோ நானூறு சதவீதம் அதிகரித்தது. குடல் சுவரின் அழற்சியும் செல்கள் பெருகும் வேகமும் அமெரிக்கர்களுக்குக் குறைந்தன, கிராமத்தாருக்குக் கூடின.

இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. வந்தது போய்விடவும் செய்யாது. அவர்கள் அளந்தது ஆபத்தின் அடையாளங்களை மட்டும்தான். ஆனாலும் நான் இதில் கண்ட பாடம் ஒன்று உண்டு. ஐம்பது, அறுபது வயது வரை ஒரு விதமாகச் சாப்பிட்டுப் பழகிய குடல்கூட, சாப்பாட்டை மாற்றினால் பதினைந்து நாளுக்குள் பேச்சைக் கேட்கிறது. 'இனிமேல் மாற்றி என்ன ஆகப்போகிறது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

நார்ச்சத்து செய்கிற வேலை

கொழுப்பு கூடினால் பித்தநீர் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் பெருங்குடலுக்குள் நழுவிப் போவதும் கூடுகிறது. இது எளிதில் புரிகிறது. நார்ச்சத்து என்ன செய்கிறது? நாலு வேலை.

ஒன்று, பயறு, பருப்பு, பழங்களில் உள்ள வழவழப்பான நார், பித்த அமிலங்களைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு வெளியே போகிறது.

இரண்டு, மலத்தைப் பெருக்கி இளக்குகிறது. அதனால் உள்ளே இருக்கும் சரக்கு நீர்த்துப் போகிறது, சீக்கிரமும் வெளியேறுகிறது. குடல் சுவரில் அது பட்டுக்கொண்டிருக்கும் நேரம் குறைகிறது. மலச்சிக்கலை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று சென்ற இதழில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று, நல்ல நுண்ணுயிர்களுக்கு நார்தான் தீனி. அதைப் புளிக்க வைத்து அவை ஒருவித அமிலங்களைத் தருகின்றன. இட்லி மாவு புளிப்பது மாதிரிதான். பெருங்குடலுக்குள் புளிப்பு ஏறினால், பித்தத்தை மாற்றும் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிவிடுகிறது.

நாலு, அப்படி உண்டாகும் அமிலங்களில் ப்யூட்டிரேட் என்று ஒன்று. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய ஆகாரம். நான் சொன்ன ஆராய்ச்சியில் அமெரிக்கர்களுக்கு இது இரண்டரை மடங்கு கூடியிருந்தது.

"ப்யூட்டிரேட் நெய்யில் இருக்கிறதாமே, நெய்யையே நிறைய ஊற்றிக்கொண்டால் என்ன?" என்று என் வீட்டுக்காரர் சாமர்த்தியமாகக் கேட்டார். செல்போனில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்! நெய்யில் கொஞ்சம் இருப்பது உண்மைதான். ஆனால் சாப்பிட்ட நெய்யில் உள்ளது மேல் குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடல் வரை வந்து சேராது. அங்கே வேண்டிய ப்யூட்டிரேட் அங்கேயேதான் தயாராக வேண்டும். அதற்கு நார் வேண்டும். பருப்புச் சாதத்துக்கு ஒரு சின்னக் கரண்டி நெய் ருசிக்கு. மருந்து என்று சொல்லிக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றாதீர்கள்.

சுண்ணாம்புச் சத்தும், அதாவது கால்சியமும், பித்த அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பால், தயிர், மோர், கேழ்வரகு, கீரை இவற்றை விடாமல் சேருங்கள்.

நம் அடுப்படிக்கு வருவோம்

மேல்நாடுகளோடு பார்த்தால் பெருங்குடல் புற்றுநோய் நம் நாட்டில் குறைவுதான். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அந்தப் பெருமை நம் பாட்டிமார் சமைத்த கம்பங்கூழுக்கும் கேழ்வரகுக் களிக்கும் பயற்றுக்கும் கீரைக்கும் சேர வேண்டியது. தீட்டிய அரிசி, மைதா பரோட்டா, பாக்கெட் வறுவல், மாலையானால் பஜ்ஜி என்று நாம் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பெருமை நிலைக்குமா? குவாஸூலு கிராமத்தாருக்குப் பதினாலு நாளில் நடந்ததை, நாம் பத்து வருஷத்தில் மெதுவாக நம் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எண்ணெய்க்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ ஆகிறது. நெய்யும் வெண்ணெயும் வனஸ்பதியும் இதற்குள்ளேயே அடக்கம். மாதச் சாமான் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து கிலோ, ஆறு கிலோ என்று இருந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்து சட்டியில் சாய்த்து ஊற்றாமல், கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி மீதமாகும்.

நார்ச்சத்துக்கு ஒரு கணக்கு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமாவது வேண்டும் என்றும், காய்கறியும் பழமுமாக 400 கிராம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால், நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம். முழுப் பாசிப்பயற்றில் 17 கிராம். கொய்யாப்பழத்திலும் முருங்கைக்கீரையிலும் 8 கிராம்.

காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ தோசையோ. மதியமும் இரவும் சேர்த்து 200 கிராம் அரிசி. மாலையில் 30 கிராம் பயற்றில் சுண்டல். ஒரு கொய்யாப்பழம். இதிலேயே சுமார் 24 கிராம் நார் வந்துவிடுகிறது! சாம்பார்ப் பருப்பு, கீரை மசியல், அவரைக்காய்ப் பொரியல் எல்லாம் அதற்கு மேல். செலவும் பெரிசாக இல்லை. ஆப்பிளைவிடக் கொய்யா மலிவுதானே?

மாமிசம் சாப்பிடும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல், சாஸேஜ், பேக்கன் போலப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறதாம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியையும் 'அனேகமாக' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை நிறுத்தச் சொல்லவில்லை. கறியின் அளவைக் குறைத்துக் கூடவே ஒரு கீரையும் பயறும் வையுங்கள். பிள்ளைகளுக்கு டப்பா இறைச்சி, சாஸேஜ் பழக்கம் மட்டும் வேண்டாம்.

இளம் தாய்மார்கள் கவனிக்க: நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், வாயு பிரியும், வீட்டில் எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள்! வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் செய்யுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சின்ன வயிறு, நாரையே போட்டு நிரப்பினால் வேண்டிய சத்து சேராது. அவர்களுக்குக் கொழுப்பும் அவசியம்.

பித்தப்பையை எடுத்தவர்களுக்கு

கல் இருந்து பித்தப்பையை எடுத்துக்கொண்ட சகோதரிகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். "பை இல்லையென்றால் பித்தநீர் சொட்டிக்கொண்டே இருக்குமே, எனக்கு ஆபத்து அதிகமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பை இல்லாதவர்களுக்குப் பித்தநீர் விட்டு விட்டு வராமல் தொடர்ந்து கசிவது உண்மை. புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்று சில ஆராய்ச்சிகளும், வித்தியாசமே இல்லை என்று வேறு சில ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லினால் வலியும் சீழும் வந்து டாக்டர் எடுக்கச் சொன்னால், இந்தப் பயத்தில் தள்ளிப்போடவும் வேண்டாம். கொழுப்பைக் குறைப்பதும் நாரைக் கூட்டுவதும் உங்களுக்கு மற்றவர்களைவிட இரட்டிப்பு நல்லது. அவ்வளவுதான்.

வெட்கம் வேண்டாம்

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சாப்பாடு வாய்ப்பைக் குறைக்கும். வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2022-ல் மட்டும் உலகத்தில் 19 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் புதிதாக வந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடியது. ஆனால் நாம் எங்கே சீக்கிரம் போகிறோம்?

என் சித்தி ஒருத்தி. மலத்தோடு இரத்தம் போவதைக் கண்டதும் 'சூடு, மூலம்' என்று தானே தீர்மானித்துக்கொண்டாள். கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை, மோர் என்று எட்டு மாதம் ஓட்டினாள். முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "ஏன் சித்தி யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன். "இதைப் போய் ஆம்பளைப் பிள்ளைங்ககிட்ட எப்படிடி சொல்றது? மருமகள் மூஞ்சியைச் சுளிக்க மாட்டாளா?" என்றாள். கடைசியில் அந்த மருமகள்தான், வெளுத்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். பெருங்குடலில் கட்டி. அறுவைச் சிகிச்சை, அதற்கு மேல் ஆறு மாதம் மருந்து. ஆண்டவன் புண்ணியத்தில் இன்று நடமாடிக்கொண்டிருக்கிறாள். "ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லையே, அம்மா" என்று டாக்டர் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இந்த அறிகுறிகளைச் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிவைத்தாலும் தப்பில்லை:

மலத்தில் இரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம். மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறி, சில வாரங்களாகியும் சரியாகாமல் இருப்பது. போய் வந்த பிறகும் போகாதது போன்ற உணர்வு. காரணம் தெரியாத இரத்தச் சோகை. காரணமில்லாமல் எடை குறைவது. விடாத வயிற்று வலி.

பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். அது இல்லை என்று தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மூலமாகவே இருக்கட்டும், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இரத்தச் சோகை என்றால் 'மாதவிலக்கில் அதிகம் போகிறது' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு இரத்தச் சோகை வந்தால் அதை இரும்பு மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. குடலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான சோதனை இருக்கிறது. சந்தேகமிருந்தால் குழாய் வழியாகக் குடலைப் பார்ப்பார்கள். பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடவும் முடியும். புற்றுநோய் ஆவதற்கு முன்பே! அமெரிக்காவில் 2021-லிருந்து, அறிகுறி இல்லாவிட்டாலும் 45 வயதில் சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அறிகுறி வரும் வரை காத்திராமல் எப்போது சோதனை செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்காரருக்கும்தான். ஆண்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட வெட்கப்படுகிறவர்கள்!

கடிதம் எழுதிய சகோதரிகளுக்குச் சுருக்கமாக என் பதில் இதுதான். பித்தத்தைக் கண்டு பயப்படாதீர்கள். அளந்து எண்ணெய் ஊற்றுங்கள். தாராளமாகக் கீரையும் பயறும் போடுங்கள். வீட்டு வேலை போக அரை மணி நேரம் நடங்கள். இரத்தத்தைக் கண்டால் மறைக்காதீர்கள். வயதான மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால், 'சாப்பிட்டீர்களா' என்று கேட்பதைப் போல 'வயிறு சரியாப் போகுதா' என்றும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்த இதழில், மீந்துபோன சிறுதானியச் சாதத்தை வீணாக்காமல் செய்யக்கூடிய நாலு பலகாரங்களோடு வருகிறேன். அதுவரை, இந்த வாரமே ஒரு நாள் மாலை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் செய்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.